கறியொடு பெயர்ந்த கலங்கள்: செங்கடல் – முசிறி கடல்வழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வணிக வழிகள் என்றதும் ஒட்டகங்களும் மணல்வெளியும் பட்டுப்பொதிகளுமாகத் தரைவழிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ‘பட்டுப்பாதை’ என்ற பெயரோ 1877 இல் ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்ட்ஹோஃபன் எடுத்தாண்ட பிறகு பரவியது. அந்த வழியில் நடந்த எவரும் அப்பெயரைக் கேட்டதில்லை. அதே நூற்றாண்டுகளில் எகிப்தின் செங்கடற்கரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்கும் இடையே ஆண்டுதோறும் கலங்கள் போய்வந்தன. இங்குள்ள கேள்விகள் அந்தக் கடல்வழியையும், அதில் சென்ற மனிதர்களையும், அவர்களை இழுத்துச் சென்ற மிளகையும் (பழந்தமிழில் ‘கறி’) பற்றியவை.

இந்த வழி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது?

மிளகின் பக்கமிருந்து பார்த்தால், சேர நாட்டு மலைச்சரிவில் மரத்தைப் பற்றி ஏறிய கொடியில் தொடங்கி, கழிவழியாகத் தோணியில் மேற்குக் கரைத் துறைமுகமான முசிறிக்கு வந்து, அங்கிருந்து பெருங்கலத்தில் அரபிக்கடலைக் கடந்து, செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த பெரெனிகே அல்லது மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தின் மேல் பாலைவனத்தைத் தாண்டி நைல் ஆற்றங்கரையிலுள்ள கோப்டோஸ் நகரை அடைந்து, ஆற்றுப்படகில் அலெக்சாந்திரியாவுக்கும் அங்கிருந்து மத்தியதரைக் கடல் வழியாக ரோமுக்கும் சென்று முடிந்தது. ரோமில் பேரரசர் தொமிட்டியன் காலத்தில் மிளகுக்கென்றே பண்டகசாலை கட்டப்பட்டிருந்தது. அங்கேயும் அது நின்றுவிடவில்லை. பிரிட்டனின் வடவெல்லைக் காவல் கோட்டையான விண்டோலாண்டாவில் கிடைத்த மரப்பலகைக் கணக்கொன்றில் மிளகின் பெயர் இருக்கிறது. குளிரில் காவல் நின்ற வீரர் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய அந்த மிளகு எந்த மலையில் விளைந்தது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பருவக்காற்றைக் கண்டுபிடித்தவர் ஹிப்பாலஸ் என்று பாடநூல்களில் இருக்கிறதே, அது சரிதானா?

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பெயர் தெரியாத எகிப்தியக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘எரித்ரையக் கடல் பெரிப்ளுஸ்’ என்ற கையேடு அப்படிச் சொல்கிறது. துறைமுகங்களின் அமைவையும் கடலின் வடிவையும் உற்றுநோக்கி, கரையைத் தொடராமல் நடுக்கடல் வழியாகச் செல்லும் வழியை ஹிப்பாலஸ் என்ற மாலுமி கண்டார் என்பது அதன் கூற்று. ஆனால் அதே நூற்றாண்டில் எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, ஹிப்பாலஸ் என்பதைக் காற்றின் பெயராகவே குறிப்பிடுகிறார். மனிதரின் பெயர் காற்றுக்கு வந்ததா, காற்றின் பெயரிலிருந்து ஒரு மனிதர் உருவாக்கப்பட்டாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர்.

என் பார்வையில், கேள்வியே சற்றுக் கோணலானது. இந்தியப் பெருங்கடலின் கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காற்று ஒருபோதும் மறைபொருளாக இருந்ததில்லை. “நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்” என்று கரிகாலனின் முன்னோனை வெண்ணிக்குயத்தியார் பாடுகிறார் (புறம் 66). காற்றை ஏவல்கொண்டவன் என்பது அங்கே ஒரு குலத்துக்குரிய பெருமையாகச் சொல்லப்படுகிறது. கிரேக்க உலகம் தனக்குத் தெரிந்த நாளைக் கண்டுபிடிப்பு நாள் என்று குறித்துக்கொண்டது, அவ்வளவே.

கிரேக்கர்களுக்கு அந்தக் காற்று எப்படித் தெரியவந்தது என்பதற்குக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ ஒரு கதையைப் பதிந்துவைத்திருக்கிறார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எட்டாம் தாலமி எகிப்தை ஆண்டபோது, செங்கடல் முகப்பில் திசைமாறி ஒதுங்கிய கப்பலொன்றில் குற்றுயிராகக் கிடந்த இந்தியர் ஒருவரைக் கரைக்காவலர்கள் அரசனிடம் கொண்டுவந்தார்கள். அவர் பேசிய மொழி அங்கே யாருக்கும் புரியவில்லை. கிரேக்கம் கற்றுக்கொண்ட பின்னர்தான், வழிதவறியதையும் உடன்வந்தவர்கள் பசியால் இறந்ததையும் சொல்லி, தன்னை ஊருக்கு அனுப்பினால் வழிகாட்டுவதாக ஒப்புக்கொண்டார். அப்படிப் புறப்பட்ட குழுவில் சிசிகஸ் நகரத்து யூதோக்சஸ் இருந்தார். நறுமணப் பொருள்களோடும் மணிகளோடும் திரும்பினார். சரக்கு முழுவதையும் அரசனே எடுத்துக்கொண்டான். யூதோக்சஸின் பெயர் நமக்குத் தெரிகிறது, ஆனால் காற்றை அறிந்திருந்த அந்த இந்தியரின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பயணத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது?

போய்வர ஏறத்தாழ ஓராண்டு. எகிப்திலிருந்து ஜூலை மாதத்தில் புறப்பட வேண்டும் என்கிறது பெரிப்ளுஸ். செங்கடலில் அப்போது வீசும் வடகாற்று கலத்தைத் தெற்கே தள்ளும். பெரெனிகேயிலிருந்து செங்கடல் வாயிலிலுள்ள ஒகேலிஸ் வரை சுமார் 30 நாள், அங்கிருந்து முசிறிக்கு 40 நாள் என்று பிளினி கணக்குச் சொல்கிறார். ஜூன், ஜூலை மாதங்களில் மலையாளக் கரையில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குக் காற்றின் சீற்றம் தணியும் செப்டம்பர் வாக்கில் கரையை அணைவதுபோல் கணக்கிட்டுப் புறப்பட்டார்கள். திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று வேண்டும் என்பதால் டிசம்பர், ஜனவரி வரை காத்திருந்தே ஆக வேண்டும்.

இந்த இடைப்பட்ட மாதங்களை வெறும் காத்திருப்பாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. நினைத்தவுடன் ஏறித் திரும்பிவிட முடிந்திருந்தால் யவனர்கள் சரக்கை மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஒரே ஊரில் தங்க நேர்ந்ததால் உணவும் மருந்தும் இருப்பிடமும் மொழியும் வழிபாடும் தேவைப்பட்டன. ரோமானியர் காலத்து வழிப்படமான பியூட்டிங்கர் படத்தில் முசிறியின் அருகே ‘அகஸ்டஸ் கோயில்’ என்ற குறிப்பு காணப்படுகிறது. கோயில் உண்மையில் இருந்ததா என்பதை மண்ணை அகழ்ந்து யாரும் நிறுவவில்லை. ஆயினும் அத்தனை மாதங்கள் தங்கியவர்கள் தங்கள் தெய்வத்துக்கு ஓர் இடம் தேடியிருப்பார்கள் என்பதில் வியப்புக்கு இடமில்லை.

நைல் ஆற்றுக்கு அருகில் வேறு துறை இருக்க, பெரெனிகேயை ஏன் பயன்படுத்தினார்கள்?

மியோஸ் ஹோர்மோஸிலிருந்து கோப்டோஸுக்கு ஆறேழு நாள் நடை. பெரெனிகேயிலிருந்து 12 நாள், 257 ரோமானிய மைல். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்து, கிணறுள்ள நிலையங்களில் பகலைக் கழிப்பார்கள் என்று பிளினி எழுதுகிறார். இருந்தும் தெற்கே உள்ள துறையில் இறங்கினார்கள் என்றால், போகும்போது துணைநின்ற அதே வடகாற்று திரும்பும்போது முகத்தில் அறையும் என்பதுதான் காரணம். நிறைசுமையோடு எதிர்க்காற்றில் போராடுவதைவிட ஆறு நாள் கூடுதலாக ஒட்டகத்துக்குத் தீனி போடுவது மேலானதாக இருந்தது.

கப்பலில் என்ன வந்தது, என்ன போனது?

முசிறிக்கு முதன்மையாக நாணயமே வந்தது என்று பெரிப்ளுஸ் சொல்கிறது. அதனோடு மெல்லிய ஆடைகள், பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம், அஞ்சனக்கல், சிறிதளவு மது, தங்கியிருக்கும் மாலுமிகள் உண்பதற்குக் கோதுமை ஆகியன வந்தன. கோதுமை வந்த காரணத்தையும் அந்நூலாசிரியர் சொல்லிவிடுகிறார்: அவ்வூர் வணிகர்களுக்கு அது பழக்கமில்லை. இங்கிருந்து மிளகும், நல்முத்தும், யானைத் தந்தமும், பட்டாடையும், கங்கைக் கரைச் சடாமாஞ்சியும், தாளிசபத்திரி வகை இலைகளும், மணிகளும், ஆமையோடும் சென்றன. இவற்றுள் பட்டும் சடாமாஞ்சியும் சேர நாட்டில் விளைந்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை கங்கை வழியாகவும் கிழக்குக் கரை வழியாகவும் முசிறிக்கு வந்து சேர்ந்த சரக்குகள். மணிகளில் ஒரு பகுதி கொங்கு நாட்டுக் கொடுமணல் போன்ற தொழிலூர்களில் பட்டை தீட்டப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய் அந்த ஊர்களை மேற்குக் கரையோடு இணைத்தது.

தமிழ்ப் புலவர்கள் இதை வணிகர்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். “யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி” என்று எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடுகிறார் (அகம் 149). பொன்னைக் கொணர்ந்து கறியைக் கொண்டுபோகிறார்கள் என்ற அந்த இரு சொற்றொடருக்குள் பெரிப்ளுஸின் ஓர் அத்தியாயமே அடங்கிவிடுகிறது. பரணர் இன்னும் நெருங்கிப் பார்க்கிறார்: வீடுகளில் குவித்த கறிமூடைகளால் கரை ஆரவாரிக்கிறது, கலம் தந்த பொன்னைக் கழித்தோணிகள் கரைசேர்க்கின்றன (புறம் 343). முசிறியில் கப்பல்கள் நிற்கும் இடம் கரையிலிருந்து வெகு தொலைவு, சரக்கை ஓடங்களில் ஏற்றி இறக்க வேண்டும் என்று பிளினி குறைபட்டுக்கொள்கிறார். ஒருவரையொருவர் அறியாத இரு எழுத்தாளர்கள், ஒருவர் வியந்தும் ஒருவர் சலித்தும், ஒரே தோணியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

‘யவனர்’ என்றால் ரோமானியரா, கிரேக்கரா?

இச்சொல் அயோனியர் என்ற கிரேக்கக் குடியினரின் பெயரிலிருந்து, பாரசீகம் வழியாக, இந்திய மொழிகளுக்கு வந்தது. தமிழில் அது மேற்கிலிருந்து கடல்வழியாக வந்தவர்கள் எல்லாரையும் குறித்தது. ரோமப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டு, கிரேக்க மொழி பேசி, எகிப்திலோ சிரியாவிலோ பிறந்தவர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர் என்று கொள்வது பொருந்தும். ‘ரோமானிய வணிகம்’ என்று நாம் வழக்கத்தால் எழுதினாலும், அந்தக் கலங்களில் இத்தாலியில் பிறந்தவர்கள் சிறுபான்மையராகவே இருந்திருப்பார்கள்.

இவ்வளவு பெரிய பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் யார்?

இதற்கு விடை தரும் சான்று வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1985 இல் பதிப்பிக்கப்பட்ட அந்தப் பாப்பிரஸ் தாள், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. ‘முசிறிப் பாப்பிரஸ்’ என்றே ஆய்வாளர்கள் அதை அழைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம். முசிறிப் பயணத்துக்கான கடன் தொடர்பாக, கடன் பெற்றவர் சில உறுதிகளை அளிக்கிறார்: செங்கடற்கரையில் சரக்கை இறக்கி நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பேன், காவலோடு கோப்டோஸுக்குக் கொண்டுசெல்வேன், அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் அரசுக் கிடங்கில் வைப்பேன், ஆற்றுவழியாக அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பி அங்கும் அவருடைய முத்திரையின் கீழேயே வைப்பேன், நான்கில் ஒரு பங்கான சுங்கத்தைச் செலுத்துவேன், கடனைத் திருப்பத் தவறினால் அடைமானப் பொருளை அவர் எடுத்துக்கொள்ளலாம். இன்றைய வங்கிக் கடன் பத்திரத்தைப் படித்தவர்களுக்கு இந்த நடை அந்நியமாகத் தோன்றாது.

மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு இருக்கிறது. கங்கைச் சடாமாஞ்சி 60 பெட்டிகள், யானைத் தந்தம் ஆகியன அதில் தெளிவாகத் தெரிகின்றன. மொத்த மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்; நான்கு செஸ்டர்ஸ் ஒரு தினாரியஸ்). ரோமானியப் படைவீரர் ஒருவரின் ஆண்டு ஊதியம் அக்காலத்தில் 1,200 செஸ்டர்ஸ். ரோமில் செனட் உறுப்பினராவதற்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சச் சொத்து 10 இலட்சம். ஒரே கப்பலின் வயிற்றில் ஏழு செனட்டர்களின் தகுதிச் சொத்து இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

துணிச்சலான தனி மாலுமி ஒருவர் பாய்விரித்துப் புறப்பட்டு உலகை இணைத்தார் என்ற கதையை இந்தத் தாள் மெல்லக் கலைத்துவிடுகிறது. கடலோடிக்குப் பின்னால் கடன் கொடுத்தவர் இருந்தார்; அவருக்குப் பின்னால் சுங்கக் கணக்கர் இருந்தார்; இருவருக்கும் நடுவே, பெயர் எழுதப்படாத ஓர் ஒட்டகக்காரரின் நேர்மையை நம்பி முழுச் சரக்கும் பாலைவனத்தைக் கடந்தது.

ரோமின் பொன்னெல்லாம் இந்தியாவுக்கு வடிந்துவிட்டது என்பது உண்மையா?

பிளினி அப்படித்தான் புலம்புகிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ஓரிடத்திலும், இந்தியா, சீனா, அரேபியா மூன்றுமாக 10 கோடி என்று வேறோரிடத்திலும் எழுதுகிறார். மிளகின் விலையையும் அவரே தருகிறார்: ஒரு ரோமானிய இராத்தல் கருமிளகு 4 தினாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15. படைவீரரின் ஆண்டு ஊதியம் 225 தினாரியஸாக இருந்த காலத்தில், ஓர் இராத்தல் கருமிளகு ஆறேழு நாள் கூலிக்குக் கிடைத்தது. விலை உயர்வுதான், ஆனால் செல்வர்களுக்கு மட்டுமே எட்டக்கூடியதாக அது இல்லை. விண்டோலாண்டா வீரரின் கணக்கு அதற்குச் சாட்சி.

பிளினியின் தொகையை அப்படியே ஏற்பதற்கு முன், அவர் ஆடம்பரத்தை வெறுத்த ஒழுக்கவாதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேலும் செங்கடலில் வசூலான நான்கில் ஒரு பங்குச் சுங்கம் ரோமின் கருவூலத்துக்கே சென்றது. வெளியே போன பணத்தைப் பற்றிப் பேசியவர் உள்ளே வந்த வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பணம் வந்து சேர்ந்ததை ஐயுறத் தேவையில்லை. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் குவியல்களாகக் கிடைத்துள்ளன. 1898 இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. வெட்டியது ஏன் என்பதற்கு விளக்கங்கள் பல. நாணயமாக மீண்டும் புழங்காதிருக்கும்படி, வெறும் பொன்னாக எடைபோட்டு வைத்துக்கொள்ளச் செய்தது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அங்கே அரசனின் முகத்துக்கு மதிப்பு, இங்கே உலோகத்தின் எடைக்கு மதிப்பு.

முசிறி இன்று எங்கே இருக்கிறது?

கேரளத்தில் பெரியாற்றின் கழிமுகப் பகுதியில், கொடுங்கல்லூர் வட்டாரத்தில் இருந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 2007 முதல் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகளும், கண்ணாடியும், மணிகளும், செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. அவ்வூரே முசிறி என்று சிலரும், முசிறித் துறைமுகப் பரப்பின் ஒரு பகுதி என்று சிலரும் சொல்கிறார்கள். ஆறு போக்கை மாற்றிக்கொள்ளும் நிலத்தில் ஊர்ப்பலகையைத் தேடுவது வீண்.

தமிழர்கள் அந்தப் பக்கம் போனார்களா, அல்லது யவனர்கள்தான் இங்கே வந்தார்களா?

போனார்கள். இதற்கு இலக்கியத்தைத் தேட வேண்டியதில்லை, ஓடுகளே போதும். மியோஸ் ஹோர்மோஸ் இருந்த குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அதே இடத்தில் மற்றோர் ஓடும் கிடைத்தது. அதில் ‘பானை ஒறி’ (உறிப்பானை) என்று இருபுறமும் எழுதப்பட்டிருக்கிறது. பெரெனிகேயில் கிடைத்த சாடித் துண்டில் ‘கொறபூமான்’ என்ற பெயர் படிக்கப்பட்டது. ஓமானின் கோர் ரோரியில் கிடைத்த ஓட்டில் ‘ணந்தை கீரன்’ என்று இருக்கிறது. கிழக்கே, தாய்லாந்தின் குவான் லுக் பட் என்ற இடத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த, பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறிய உரைகல் கிடைத்தது. பெரும்பதன் என்ற பொற்கொல்லர் அல்லது பொன் வணிகர் ஒருவரின் உடைமை அது.

இவற்றில் எதுவும் அரச சாசனம் அல்ல. பொதுவான இடத்தில் பலர் பொருள்களோடு கலந்துவிடாமலிருக்கத் தன் பானையில் தன் பெயரைக் கீறிவைக்கும், விடுதியில் தங்கியவர் எவரும் அறிந்த பழக்கம்தான் அது. கணனும் சாதனும் பெரும் வணிகர்களா, மாலுமிகளா, சமையற்காரர்களா என்று ஓடு சொல்வதில்லை. ஆனால் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்தவர்கள், அல்லது எழுதத் தெரிந்தவரோடு பயணம் செய்தவர்கள், அவர்கள்.

தமிழர்கள் மட்டுமே போனார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஏடன் வளைகுடாவுக்கு வெளியே உள்ள சொகோத்ரா தீவின் ஹோக் குகையில், பெல்ஜியக் குகையாய்வாளர்கள் 2000–2001 காலத்தில் கண்ட பொறிப்புகளில் பெரும்பகுதி பிராமி எழுத்தில் இந்திய மாலுமிகள் எழுதியவை. அவர்களில் பலர் குஜராத்தின் பரூச் பக்கத்தவர்கள். அதே குகையின் இருளில், சிரியாவின் பல்மைரா நகரத்து அப்கர் என்பவர் கி.பி. 258 இல் எழுதி வைத்த மரப்பலகையும் இருந்தது.

எதிர்த்திசையிலும் இத்தகைய தடங்கள் உண்டு. அன்னியஸ் புளோகாமஸ் என்ற ரோமானியரின் அடிமையான லைசஸ், பெரெனிகேக்குச் செல்லும் பாலைவழியிலுள்ள பாறை நிழலில் கி.பி. 6 ஆம் ஆண்டு தன் பெயரைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் செதுக்கிவிட்டுப் போனார்.

இலங்கை இதில் எங்கே வருகிறது?

அதே புளோகாமஸ் குடும்பத்தின் வழியாகவே வருகிறது. அவரிடமிருந்து விடுதலை பெற்ற பணியாளர் ஒருவர் அரேபியாவைச் சுற்றிச் செல்லும்போது வடகாற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் தப்ரோபனேயில், அதாவது இலங்கையில், கரை ஒதுங்கினார் என்று பிளினி எழுதுகிறார். ஆறு மாதம் அரசனின் விருந்தினராகத் தங்கி மொழி கற்றார். அவரிடமிருந்த தினாரியஸ் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் முகங்கள் இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு வியந்த அந்த மன்னன், கிளாடியஸ் பேரரசரிடம் நான்கு தூதர்களை அனுப்பினான். பதினைந்து நாள் என்பதை நம்புவது கடினம். எடை ஒத்திருந்த செய்தியில் கொஞ்சம் ரோமானியத் தற்பெருமையும் கலந்திருக்கிறது. தூது சென்றதை மறுக்கக் காரணம் இல்லை. தொடக்கத்தில் இப்படி விபத்தாக நிகழ்ந்த தொடர்பு, நாலைந்து நூற்றாண்டுகள் கழித்து இலங்கையைக் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவே உள்ள முதன்மைச் சந்தையாக ஆக்கியது.

சரக்கைத் தவிர, பண்பாட்டில் என்ன மாறியது?

முதலில் சொற்கள். ஐரோப்பிய மொழிகளில் மிளகுக்குரிய பெயர்கள் கிரேக்கப் ‘பெபெரி’யிலிருந்து வந்தவை, பெபெரி என்பதோ பிப்பலியிலிருந்து, அதாவது திப்பிலியின் வடமொழிப் பெயரிலிருந்து வந்தது. வடக்கிலிருந்து முதலில் சென்ற திப்பிலியின் பெயரை, பின்னர் தெற்கிலிருந்து கடல்வழியாக வந்த கறிக்கும் சூட்டிவிட்டார்கள். பொருள் வாய்க்குள் போன பிறகும் பெயர் தவறாகவே நிலைத்துவிட்டது! ‘அரிசி’யிலிருந்துதான் கிரேக்க ‘ஒரிசா’ பிறந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஈரானிய மொழிகள் வழியாக வந்திருக்கலாம் என்று கருதும் மொழியியலாளர்கள் பலர் இருப்பதால், அதை முடிந்த முடிவாகச் சொல்லாமலிருப்பதே நேர்மை.

அடுத்து சமயம். மகாராட்டிரத்தின் கார்லே குடைவரையில் பௌத்த மண்டபத்தின் தூண்கள் சிலவற்றை யவனர்கள் கொடையளித்ததாகக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எகிப்திலோ, பெரெனிகேயின் ஐசிஸ் கோயிலில் 2022 இல் ஒரு புத்தர் சிலை கிடைத்தது. மத்தியதரைக் கடல் பகுதிப் பளிங்கில், ஏறத்தாழ 71 செ.மீ. உயரத்தில் வடிக்கப்பட்ட அது, இந்தியாவிலிருந்து ஏற்றிச் சென்றதாக இல்லாமல் எகிப்திலேயே செதுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. பேரரசர் பிலிப்பு (கி.பி. 244–249) காலத்தைச் சேர்ந்த சமஸ்கிருத – கிரேக்க இருமொழிக் கல்வெட்டும் அங்கேயே கிடைத்தது. எகிப்தியத் தெய்வத்தின் முற்றத்தில் புத்தரை வைக்க ஒருவர் பணம் கொடுத்தார், ஒரு சிற்பி செய்து கொடுத்தார், கோயிலார் தடுக்கவில்லை. இந்த மூன்றும் நடப்பதற்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் தேவைப்பட்டிருக்கும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். செராபிஸ் கோயில் வளாகத்தில் இந்தியச் சாடியொன்றில் 7.55 கிலோ கருமிளகு அப்படியே இருந்ததும் இதே பெரெனிகேயில்தான்.

மதுவும் வந்தது. “யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்” பொற்கலத்தில் ஊட்டப்படுவதைப் பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர் குறிப்பிடுகிறார் (புறம் 56). அரிக்கமேட்டில் 1945 இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த ஆம்போரா துண்டுகள் அந்தப் பாட்டுக்கு மண்ணிலிருந்து கிடைத்த பொழிப்புரை. ஆனாலும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்டார்கள் என்று முடிவுகட்ட நான் தயங்குகிறேன். யவனரைப் பற்றி நம் பாட்டுகளில் வருவது அவர்களின் கலம், மது, விளக்கு, காவல் ஆகியவை. அவர்களுடைய நூல்களில் நம்மைப் பற்றி வருவது துறைமுகமும் விலையும். பொருள்கள் வெகுதூரம் போன அளவுக்கு அவற்றைச் செய்தவர்களைப் பற்றிய அறிவு போகவில்லை.

இந்த வணிகம் எப்போது நின்றது?

நின்றது என்பதைவிடக் கைமாறியது என்பதே சரி. மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு உள்நாட்டுப் போர்களிலும் நாணய மதிப்பிழப்பிலும் சிக்கியபோது செங்கடல் துறைகள் ஒடுங்கின. மியோஸ் ஹோர்மோஸ் கைவிடப்பட்டது. பெரெனிகே நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் மீண்டும் உயிர்பெற்று, ஆறாம் நூற்றாண்டில் மணலுக்குள் போனது. இதற்கிடையே எத்தியோப்பியப் பகுதியின் அக்சுமியரும் பாரசீகரும் கடலின் நடுப்பகுதியைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மிளகின் மீதான ஆசை மட்டும் குறையவில்லை: கி.பி. 408 இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், முற்றுகையை நீக்கக் கேட்ட பொருள்களில் 3,000 இராத்தல் மிளகும் ஒன்று.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மஸ் எழுதும்போது, மிளகு ஏற்றும் ‘மலே’ நாட்டுத் துறைகளாக ஐந்து ஊர்களைப் பட்டியலிடுகிறார். அவற்றில் மூன்றின் பெயர்கள் ‘பதனா’ என்று முடிகின்றன. பட்டணம் என்ற சொல் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. முசிறி அந்தப் பட்டியலில் இல்லை.